மலையில் இருந்து ஆன்லைன் படிப்பு: கரண்ட், நெட், ரோடு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருந்து ஸ்வயம்–என்பிடெல் (மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடங்கள்) படிப்பவர்களுக்குப் பாடத்தைவிடப் பெரிய தலைவலி கரண்ட், நெட், ரோடு மூன்றும்தான். ஜூலைப் பருவத்தில் சேர்ந்தால் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு முதல் வாரங்களிலேயே தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குத் தேர்வு நெருங்கும்போது வடகிழக்கு மழை. முதல்முறை எடுப்பவர்கள் ஜனவரிப் பருவத்தில் தொடங்குவது நல்லது.

12 வாரப் பாடத்தில் வாரம் ஒரு அசைன்மென்ட். அதில் மதிப்பெண் கூடிய 8 மட்டும் கணக்கு. அதன் சராசரி 25-க்கு, நேரில் போய் எழுதும் தேர்வு 75-க்கு. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். தேர்வில் 60 வாங்கி, அசைன்மென்டில் 9-ல் நின்றால் சான்றிதழ் கிடையாது. நாலு வாரம் தவறினால் பாதிப்பில்லை. ஐந்தாவதும் தவறினால் அந்தப் பூஜ்யம் சராசரிக்குள் வந்து உட்காரும்.

கெடு பெரும்பாலும் புதன் இரவு 11.59. அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் எடுபடும். எனவே தெரிந்த விடைகளைக் குறித்து ஞாயிறே ஒருமுறை அனுப்பிவிடுங்கள். மரம் விழுந்து கரண்ட் போனாலும் செல்போன் டவர் உடனே சாகாது. பேட்டரி தீரும்வரை ஓடும். அந்த முதல் மணி நேரத்தை வீடியோ பார்த்து வீணாக்காமல் அசைன்மென்டை முடியுங்கள். வீடியோவும் அதன் எழுத்து வடிவமும் தளத்திலேயே பதிவிறக்கக் கிடைக்கும். நெட் நன்றாக இருக்கும் நாளில் இரண்டு வாரப் பாடத்தைச் சேர்த்து இறக்கி வையுங்கள். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்குவதானால் ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள். வோல்ட் மாறினால் ரவுட்டரே போய்விடலாம்.

தேர்வு மையம் கோவையில் விழுந்தால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். குன்னூர்–மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி வழிதான் கதி, அங்கே எல்லா வண்டியும் ஒன்றாகச் சேரும். ஜனவரிப் பருவத்துக்கான தேர்வு ஏப்ரலில் வந்தால் சுற்றுலா சீசன் நெரிசல்.

வேலைக்கு என்று படிப்பவர்கள் சான்றிதழோடு நிற்காமல் எக்செலில் ஒரு உண்மையான கணக்கைப் போட்டுப் பாருங்கள். தேயிலைத் தோட்டம் உள்ள வீட்டில் ஃபேக்டரிக்குப் போடும் பச்சை இலைக் கணக்கே போதும்: தேதி, எடை, கழிவு, விலை. அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். எடைக் கட்டத்தில் ‘42 கிலோ’ என்று அடித்தால் எக்செலுக்கு அது வெறும் எழுத்து. சம் ஃபார்முலா அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும், பிழை என்றும் சொல்லாது. எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். 05.07.2025 என்று புள்ளி வைத்த தேதியும் பெரும்பாலும் இப்படித்தான் எழுத்தாகிவிடும், மாதவாரியாகப் பிரிக்க வராது. சாய்கோடு போட்டு அடியுங்கள்.

ஃபார்முலாவை ஏஐ-யிடம் கேட்டு வாங்குவதில் தப்பில்லை. இன்று அலுவலகங்களிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது எழுத்தாகக் கிடக்கும் அந்த ‘42 கிலோ’வைப் பார்த்திருக்காது. முதல் ஐந்து வரியைக் கால்குலேட்டரில் போட்டு ஒத்துப் பார்த்த பிறகு மிச்ச வரிகளுக்கு இழுத்து விடுங்கள்.