துரை பங்களாவில் நான்கு குடித்தனம்

திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவள் கடல் தாண்டி இலங்கை மலையகத்தில் ஹட்டனை அடுத்த டிக்கோயாவில் வாழ்க்கைப்பட்டால், முதல் பகை ஈரம்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் என் இந்தியப் பாஸ்போர்ட்டின் அட்டையில்கூடப் பூஞ்சை பூக்கிறது. போதாக்குறைக்கு எங்களுடையது கருங்கல் வீடு. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் போய் எவ்வளவோ காலமாகியும் ஊரார் இன்னும் ‘துரை பங்களா’ என்றே சொல்கிறார்கள். இப்போது அதற்குள் நான்கு குடும்பங்கள்.

கதவு நிலைக்கு மேலே 1880 என்று செதுக்கியிருக்கிறது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் இந்த மலைகளின் காப்பியைத் தின்றுகொண்டிருந்த காலம். அந்த நேரத்தில் இரண்டடிச் சுவர் எழுப்பியவரின் துணிச்சலை என்ன சொல்வது! ரயில் ஹட்டன் வழியாக நானு ஓயாவை எட்டியதே 1885இல்தான். செங்கல்லை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை ஏறுவதைவிட, காலடியில் கிடந்த பாறையை உடைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவது எளிது.

பின்னால் வந்த யாரோ அதன் மேல் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. எங்கள் படுக்கையறைச் சுவரில் உப்புப் பூத்த இடத்தைத் தொட்டால் வெள்ளை மாவாக விரலில் ஒட்டுகிறது.

வீட்டைப் பிரித்த விதம் இன்னும் வேடிக்கை. முன்கூடத்தின் குறுக்கே அடித்த பலகைத் தடுப்பு, சரியாகக் கணப்பின் நடுவில் இறங்குகிறது. இரு பக்கத்தாரும் தீ மூட்ட முடியாது. எங்கள் பாதியில் அரிசி மூட்டை. அவர்கள் பாதியில் சாமி படம். புகைபோக்கி பொது என்பதால் அவர்கள் வீட்டு வானொலிச் செய்தி எங்களுக்கு இலவசம்.

துரையின் குளியலறைக்கு வெளிப்புறமாக ஒரு குட்டிக் கதவு உண்டு. வெந்நீர் சுமப்பவரும் கழிவு வாளி எடுப்பவரும் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்துபோக வைத்தது. இன்று அதுதான் எங்கள் தலைவாசல். ஊரிலிருந்து வந்த என் அண்ணன் குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டான்.

நான்கில் நல்ல வீடு எது என்று கேட்டால், பழைய சமையற்கட்டு என்பேன். புகையும் வேலையாட்களும் எட்டவே இருக்கட்டும் என்று பங்களாவிலிருந்து தள்ளிக் கட்டி, கூரை போட்ட நடையால் இணைத்திருந்தார்கள். அங்கே குடியிருக்கும் பாட்டி, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பிறந்தவர். செடிகளைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து வரும் தேயிலை மிலாறு, அதாவது சுள்ளி, அவர் அடுப்பில் நாள் முழுக்க எரிகிறது. சுவர் கரி படிந்திருந்தாலும் ஈரம் அண்டுவதில்லை. மழை மாலைகளில் மற்ற மூன்று வீடும் பால் கலக்காத பிளேன்டீ குடிக்க அங்கேதான் கூடுகிறோம்.

“துரைமார் மூக்கு எப்போதும் சிவந்தே இருக்குமாம், பிள்ளை. வெள்ளைத்தோல் என்று நினைத்திருக்கிறார்கள். சளியாக இருந்திருக்கும்” என்கிறார்.

தை பிறந்து வெயில் கண்டதும் சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூச மேசன் ஒருவர் சம்மதித்திருக்கிறார். கணப்புத் தடுப்பையும் தள்ளி அடித்துவிடலாம் என்றார். முழுக் கணப்பும் எந்தப் பக்கம் போவது என்பதில்தான் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.