ஆள் பாரம்

"ஒரு ஆள் எத்தினை கிலோ வரும் தம்பி?"

போன ஆவணியில், நான் வேலை செய்கிற வாடகைக் கடைக்கு வந்த கிணறு வெட்டும் அண்ணை ஒருவர் என்னிடம் கேட்டது. கையால் சுற்றிப் பாரம் தூக்குகிற கைவின்ச்சின் தகட்டில் 500 கிலோ என்று அடித்திருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் கேட்டார். 60 வரும் என்றேன்.

"அப்ப கல்லு வாளியை விடக் குறைவுதானே."

"இது சாமானுக்கு மட்டும் அண்ணை. ஆள் தொங்கக் கூடாது. தகட்டிலையும் போட்டிருக்கு."

"ஓம், தெரியும்" என்று பில்லில் கையெழுத்து வைத்தார்.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவர் கையெழுத்து வைத்த பிறகு நான் செய்த வேலை இன்னும் மனதைக் குடைகிறது.

அந்த வின்ச்சைக் காலையிலேயே பார்த்து முடித்திருந்தேன். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றுவதுதான் மிச்சம். அதைத் திரும்ப மேசைக்குக் கொண்டுபோனேன். கம்பிவடம் முழுவதையும் உருளையிலிருந்து இழுத்து, பழைய பருத்திச் சேலைத் துண்டால் பிடித்து மெல்ல உருவினேன். அறுந்த இழை கண்ணுக்குத் தப்பினாலும் துணியில் மாட்டும். கொக்கியிலிருந்து ஒரு முழத்தில் மாட்டியது. இரண்டு இழை. நூற்றுக்கு மேல் இழையுள்ள வடம் அது, இரண்டுக்காகக் கழிக்கத் தேவையில்லை. கல்லுக்கென்றால் விட்டிருப்பேன். அன்று அந்தத் துண்டை வெட்டி எறிந்தேன். நுனியைப் புதிதாக மடித்து, கிளிப்பின் சேணம், அதாவது வடம் அமர்கிற அடிக்கட்டை, பாரம் இழுக்கும் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து முறுக்கினேன். 30 அடி இறக்கினாலும் உருளையில் மூன்று சுற்று மிஞ்சுமா என்று எண்ணினேன். பிறேக் மூடியையும் கழற்றினேன். பற்சில்லுக்குக் கிறீஸ் வேண்டும், இந்தப் பிறேக் தட்டுக்கோ ஒரு சொட்டும் ஆகாது. நல்லது செய்வதாக நினைத்து எண்ணெய் விட்டுத் திருப்பித் தருகிறவர்களும் உண்டு. தட்டு காய்ந்துதான் இருந்தது.

பேந்து 50 கிலோ சீமெந்து மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டுக் கைபிடியை விட்டேன். ஒன்றே ஒன்று. கல் வாளிக்குச் சோதிப்பதென்றால் நிறைபாரம் அல்லவா போட வேண்டும்? அந்த ஒற்றை மூட்டை யாருடைய பாரம்?

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இரவு படுத்த பிறகுதான் வந்தது. பாரம் குறைவு என்பதே இங்கே ஆபத்து. இந்த வகைப் பிறேக் தொங்கும் பாரத்தாலேயே இறுகுவது. பாரம் குறையக் குறைய அதன் பிடியும் குறையும். கல் வாளி சும்மா தொங்கும். ஆள் சும்மா தொங்க மாட்டார். கிணற்றுக் கல்லில் காலை ஊன்றுவார், வடம் தளரும். காலை எடுப்பார், ஒரு வெட்டு வெட்டி இறுகும். பிறேக்கும், பல்லில் விழுந்து தடுக்கிற நாக்கும் வழுக்கினால் அவரைப் பிடிக்க இரண்டாவதாக ஒன்றும் இல்லை. இதைச் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். என்னைவிடக் கூடுதலாகவே விளங்கியிருக்கும், முப்பது வருஷம் கிணற்றுக்குள் நின்றவர். நான் தகட்டைக் காட்டினேன்.

நாலாம் நாள் வின்ச் திரும்பி வந்தது. கொக்கியில் ஒரு பலகை கட்டியபடியே இருந்தது. நடுவில் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, "அப்பு தண்ணி இறைக்கிற துலா மிதிச்சவர் தம்பி. அந்த உயரத்திலை கயிறும் இல்லை, ஒண்டும் இல்லை" என்றார். நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்.

வின்ச்சைத் தரமாட்டேன் என்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு பேர் மேலே நின்று நைலோன் கயிற்றைப் பிடிக்க இறங்கியிருப்பார்கள். இங்கே யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, மழைக்கு மட்டும் ஓடுகிற வழுக்கியாறு ஒன்றுதான். ஆவணியில் நீர் வற்றினால் யாராவது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். கைக்கயிற்றை விட என் வின்ச் மேல் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்படியென்றால் "ஆள் தொங்கக் கூடாது" என்று ஏன் சொன்னேன்? அது அவருக்காகவா, நாளைக்கு என்னை யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகவா? கவனமாகப் பார்த்தது தப்பில்லை. ஆனால் அந்தக் கவனத்தைப் பக்கத்தில் நின்று பார்த்த மனுஷன் பலகையைக் கட்டாமல் வேறென்ன செய்வார்?

இப்போது கிணற்று வேலைக்கு வின்ச் போகும்போது இடுப்புப் பட்டியும் தனிக் கயிறும் சேர்த்துக் கொடுக்கிறேன். அந்தக் கயிற்றை வின்ச்சின் மூன்று காலில் கட்டாமல் வேறாக, பக்கத்துப் பனையிலோ பூவரசிலோ கட்டச் சொல்கிறேன். வாடகை எடுப்பதில்லை. பில்லில் 'சாமானுக்கு மட்டும்' என்றுதான் இன்னமும் எழுதுகிறேன். போன கிழமை முதலாளி அதைப் பார்த்துவிட்டு, "கல்லு ஏத்த என்னத்துக்கு இடுப்புப் பட்டி?" என்று கேட்டார். கொடுத்தனுப்புவோம் அண்ணை என்று மட்டும் சொன்னேன்.