முதலில் கிடைத்தது கோல்

கோடையில் கிணற்றுக்குள் தலைகீழாகப் பாய்ந்து கழுத்து ஒடிகிற பையன்கள் தென்காசிப் பக்கத்தில் புதிதல்ல. 2009-இல் அவர்களில் நானும் ஒருவன். வயது 23. ஃபைலில் ‘சி-6, கம்ப்ளீட்’ என்று எழுதினார்கள். கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாம் மட்டத்தில் முழுச் சேதம் என்று அர்த்தம். தோளை அசைக்கலாம், முழங்கையை மடக்கலாம், மணிக்கட்டை மேலே தூக்கலாம். விரல்கள் கிடையாது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது. சிறுநீரும் மலமும் என் பேச்சைக் கேட்காது. இன்றுவரை அதே நிலைதான்.

ஆபரேஷன் நடந்த இடத்தில் கம்பி வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. முதுகுக்கு அடியில் சின்னதாய்ச் சிவந்த இடம், எலும்பு தெரிகிற பள்ளமாகிவிட்டது. வலிக்காது, நாற்றம்தான் சொல்லிக் கொடுத்தது.

அந்த வருஷம் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். “போன ஜென்மத்து வினை” என்றார் ஒரு பெரியவர், நான் அங்கே படுத்திருக்கும்போதே. “சாமி சோதிக்கிறான், கைவிட மாட்டான்” என்றாள் அத்தை. ஜெபம் பண்ண வந்தவர்கள் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். தைலக்காரர் ஒருவர் விரல்களை நீட்டி நீட்டி இழுத்துவிட்டுப் பணம் வாங்கிப் போனார். அம்மா திருச்செந்தூரில் அங்கப்பிரதட்சணம் செய்துவிட்டு முட்டியில் சிராய்ப்போடு வந்து நின்றாள். அன்றைக்குத்தான் எதிர்ச் சுவரில் இருந்த முருகன் படத்தைக் கழற்றச் சொன்னேன். “எய்யா, அவன் என்ன செய்வான்” என்று அழுதுகொண்டே கழற்றினாள்.

புண்ணை ஆற்றுவதற்காக வேலூர் பாகாயத்துக்குப் போனோம். சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் அங்கேதான் இருக்கிறது. 1966-இல் அது உருவாகக் காரணமானவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் வேன் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதன்பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். எனக்கு அப்போது அது ஆறுதலாக இல்லை. அவருக்கு விரல் வேலை செய்ததே என்றுதான் தோன்றியது.

என்னை அசைத்தது சிகிச்சையாளர் ஒருவர் காட்டிய சின்ன வித்தை. மணிக்கட்டை மேலே தூக்கினால் செயலற்ற விரல்களும் தாமாக உள்ளே மடங்கும், கட்டைவிரல் பக்கவாட்டில் வந்து ஒட்டும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் பிடி விடும். இந்தப் பிடி வேண்டுமென்றால் விரல்களை மடக்கும் தசைநாண்களைக் கொஞ்சம் இறுக விட வேண்டும், நீவி நீட்டிவிடக் கூடாது. தைலக்காரரை நினைத்துக்கொண்டேன். பழகப் பழக அந்தப் பிடியில் ஸ்பூன் நின்றது, பேனா நின்றது, பிறகு சிறுநீர் எடுக்கிற டியூபும் நின்றது. என் டியூபை நானே போட்டுக்கொண்ட அன்று அம்மா நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள்.

பக்கத்துக் கட்டிலில் பூண்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர், லாரி கிளீனராக இருந்தவர். நான் சாமியைத் திட்டுவதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “நீ என்னா திட்ற? சுந்தரர் திட்டினாரே, அதக் கேளு. எங்க ஊர்ல வந்து கண்ணு கேட்டாரு. சாமி குச்சி குடுத்துச்சு. கோவத்துல வீசினாரு பாரு, நந்தி கொம்பே ஒடஞ்சிபோச்சு. இன்னிக்கும் அப்டிதான் இருக்குது.”

பெரிய புராணம் வீட்டில் அப்பா படிப்பார். எனக்குப் பாதி காதில் விழுந்த கதைதான். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குப் பார்வை போகிறது. அண்ணன் சொன்ன பூண்டிப் பக்கத்துத் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண். திருவாரூரில்தான் வலக்கண். வழி நெடுக அவர் கடவுளோடு சண்டைதான் போடுகிறார். அந்தச் சண்டையைத்தான் நாம் தேவாரம் என்று பண்ணோடு பாடிக்கொண்டிருக்கிறோம்.

“அவருக்குக் கண்ணு திரும்ப வந்துச்சு, ஒனக்குக் காலு வந்துச்சா?” என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. வரவில்லை, வரப்போவதுமில்லை. இன்னொன்றும் உண்டு: அவர் பார்வை போனதற்குக் கதையில் ஒரு தவறு காரணமாக இருக்கிறது, என் கழுத்து ஒடிந்ததற்குக் கிணற்றின் தண்ணீர் மட்டம்தான் காரணம். வினை என்று சொன்ன பெரியவரை இன்றும் நான் ஏற்கவில்லை. எனக்குப் பிடித்தது, திருவெண்பாக்கத்துக்கும் காஞ்சிக்கும் இடையில் இருக்கிற அந்த நடை. கேட்டது கிடைக்காமல், கிடைத்த கோலை ஊன்றிக்கொண்டு, திட்டிக்கொண்டே நடந்தாரே, அது. அப்படியும் பக்தனாக இருக்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தரவில்லை. ஊருக்குத் திரும்பியதும் படத்தை மாட்டச் சொன்னேன். இப்போது திருநீறு எடுப்பதும் அதே மணிக்கட்டுப் பிடியில்தான்; பாதி சட்டையில் கொட்டும்.

அதன்பிறகு ஆய்க்குடி அமர் சேவா சங்கம், மாற்றுத்திறனாளிகளுக்கான மையம். எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், ஆனால் அங்கே போக எனக்குக் கழுத்து ஒடிய வேண்டியிருந்தது. எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்தகுதிச் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் அதைத் தொடங்கினார். அங்கே என்னைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டவில்லை. “என்ன படிச்சிருக்க?” என்று கேட்டார்கள். பி.எஸ்சி. கணக்கு என்றேன். அதிலிருந்துதான் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்தேன். அரசு உதவித்தொகை மாதாமாதம் வருகிறது. அதற்கான அலைச்சலை இங்கே எழுதி உங்கள் பொழுதைக் கெடுக்க விரும்பவில்லை.

கோயில் வாசலில் இன்னும் படிகள்தான், சாய்தளம் இல்லை. நாலு பேர் தூக்கிப் போகிறோம் என்பார்கள். எனக்கு இஷ்டமில்லை. உற்சவர் வீதிக்கு வருகிற நாளில் என் நாற்காலி தெருவில் நிற்கும். உள்ளே வர முடியாதவர்களுக்காகத்தான் சாமியே புறப்பட்டு வருது என்று அப்பா சொல்வார். சாய்தளம் கட்டாததற்கு இது நல்ல சாக்கு என்று நான் சொல்வேன். இரண்டுமே உண்மைதான்.

என்னைப் போல அடிபட்டவர்களின் வீட்டாருக்குப் போனில் வழி சொல்கிற வேலை தற்செயலாக வந்தது. ஆய்க்குடியில் என் நம்பரை வாங்கிய ஒரு தாய் நடுராத்திரியில் அழைத்தார். மகனுக்குக் கழுத்தில் அடிபட்டு நாலு மாசம். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது, முகம் வியர்த்துக் கொட்டுகிறது என்றார். காய்ச்சல் மாத்திரை கொடுக்கப் போனார்கள். “மாத்திரை வேண்டாம்மா, மொதல்ல அவன நேரா உக்கார வைங்க. டியூப் எங்கயாவது மடங்கியிருக்கான்னு பாருங்க” என்றேன். தொடைக்கு அடியில் மடங்கியிருந்தது. எடுத்துவிட்டதும் பை நிறைந்தது, வலி இறங்கியது. எங்களைப் போன்றவர்களுக்குச் சிறுநீர் அடைத்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதை நான் என் தலைவலியை வைத்துத் தெரிந்துகொண்டவன். படுக்கையில் கிடந்த அந்த வருஷம் எதற்காவது பயன்படும் என்று அந்த ராத்திரிக்கு முன்னால் நான் நினைத்ததே இல்லை.

இப்போது மாலை வகுப்பு முடிந்ததும் அழைப்புகள் வரும். பெரும்பாலும் தாய்மார்கள், சில சமயம் மனைவிமார்கள். புண், டியூப், கூச்சத்தில் வேறு யாரிடமும் கேட்காத சந்தேகங்கள். கடவுளைப் பற்றி நானாகப் பேச்செடுப்பதில்லை. போன வாரம் சங்கரன்கோவில் பக்கமிருந்து ஓர் அம்மா நேராகவே கேட்டார்: “எந்தக் கோயிலுக்கு நேந்துக்கிட்டா எம்பிள்ள நடப்பான், தம்பி?”

“நேந்துக்கிடுறது உங்க இஷ்டம்மா. அதுக்கு முன்னால கைப்பிடி வச்ச முகக்கண்ணாடி ஒண்ணு வாங்கி வைங்க. தெனமும் காலைல முதுகுக்குக் கீழ செவப்பு இருக்கான்னு நீங்க பிடிச்சுக் காட்டுங்க, அவனே பாக்கட்டும். செவந்திருந்தா அந்தப் பக்கம் படுக்க வைக்காதீங்க, எனக்குப் போன் போடுங்க.”