சத்தியம் செய்யாமல் பதவியேற்றேன்: வன்னியிலிருந்து ஒரு பிரதேச சபை உறுப்பினரின் அனுபவம்

இலங்கையில் உள்ளூராட்சி மன்ற உறுப்பினராகத் தெரிவாகும் ஒருவர் சமய முறைப்படி சத்தியம் செய்து பதவியேற்பதா, சத்தியம் இல்லாமல் உறுதிமொழி மட்டும் கூறிப் பதவியேற்பதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு மட்டுமே உண்டு. சமாதான நீதவானுக்கோ, சபைக் கந்தோரில் படிவத்தைப் பெற்றுக்கொள்ளும் உத்தியோகத்தருக்கோ அதில் எந்தப் பங்கும் இல்லை. இந்தச் சிறிய விடயத்தை நிலைநாட்டுவதற்காக நான் அலைந்த அலைச்சல், இனி இங்கே தெரிவாகும் எவருக்கும், அவர் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் எமது சுயேச்சைக் குழுவுக்குப் பட்டியல் ஆசனமும் கிடைத்தது. பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டின் கீழ் எனது பெயர் வர்த்தமானியில் வந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சபைகளின் பதவிக்காலம் ஜூன் 2ஆம் திகதி ஆரம்பமாக இருந்ததால், அதற்கிடையில் பதவியேற்புப் படிவத்தை ஒப்பமிட்டுக் கொடுக்கும்படி சொன்னார்கள்.

நான் சார்ந்த திருச்சபை மிகச் சிறியது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்திலும் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திலும் சத்தியம் செய்வதே வேண்டாம் என்று சொல்லப்பட்டிருப்பதை நாங்கள் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறோம். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனாலும் எங்கள் பெரியவர்கள் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்ததில்லை. உண்மை சொல்வேன் என்று உறுதி மட்டுமே கூறுவார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் வாழும் கத்தோலிக்க உறவுகள் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறார்கள். அது அவர்களுடைய நம்பிக்கை, அதில் எனக்குக் குறையேதும் இல்லை. எனது மனச்சாட்சி அதற்கு இடம் தரவில்லை என்பது மட்டுமே எனது பிரச்சினை.

முதல் நெருக்கடி எமது குழுவுக்குள்ளேயே வந்தது. தெரிவான எல்லோரும் ஒரு கோயில் மண்டபத்தில் ஒன்றாகப் பதவியேற்பதாக ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எனக்கு அறிவித்தார்கள். நான் தனியாகப் பதவியேற்றுக்கொள்கிறேன் என்று சொன்னபோது எமது தலைமை வேட்பாளர், "தங்கச்சி, இதிலேயே நீங்கள் தனியே போனால் சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இருக்கவில்லை, கவலைதான் இருந்தது. சட்டத்தில் இடம் குறிப்பிடப்படவில்லை, ஒன்றாக எடுக்க வேண்டும் என்றும் இல்லை என்று விளக்கிய பின் அவர் ஏற்றுக்கொண்டார்.

அடுத்து நான் போனது எமது பகுதிச் சமாதான நீதவானிடம். படிவத்தில் சத்தியம் செய்கிறேன், உறுதி கூறுகிறேன் என்ற இரண்டும் அச்சிடப்பட்டிருக்கும். பொருந்தாததை வெட்டிவிட வேண்டும். நான் விளக்கம் சொல்லத் தொடங்கும் முன்பே அவர், "பிள்ளை, நீர் வேதக்காரி தானே" என்று சொல்லியபடி தமது பேனையால் உறுதி கூறும் பகுதியை வெட்டிவிட்டு, இறப்பர் முத்திரையையும் குத்திவிட்டார். சைவர்கள்தான் உறுதிமொழி எடுப்பார்கள், கிறிஸ்தவர்கள் சத்தியம் எடுப்பார்கள் என்பது அவர் நெடுங்காலமாகக் கண்டுவந்த வழக்கம். அந்த வழக்கத்தையே அவர் சட்டம் என்று நம்பியிருந்தார். ஒப்பமிட மாட்டேன் என்று நான் சொன்னதும், "சைவமாகவும் இல்லை, வேதமாகவும் இல்லை என்றால் நீர் எந்தச் சமயம்?" என்று கேட்டார். வயதில் மூத்தவர் என்பதால் நான் பதில் சொல்லாமல் படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்வி இன்னும் மனதை உறுத்துகிறது.

பழுதான படிவத்துக்குப் பதிலாகப் புதியதொன்று பெறுவதற்குக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர், ஒருவருக்கு ஒரு படிவம்தான் என்றார். வெட்டப்பட்ட சொல்லைக் காட்டி எனது நிலைப்பாட்டைச் சொன்னதும் அவருடைய குரல் தாழ்ந்தது. "நீங்கள் இதை எடுக்க மாட்டேன் என்று சொன்னதாக வெளியில் போனால் வேறு மாதிரிப் பிரச்சினை ஆகும், தெரியும்தானே" என்றார்.

எனக்கு அவர் சொன்னது விளங்கியது, வன்னியில் வாழும் எவருக்கும் விளங்கும். அந்தப் படிவத்தில் உள்ளது 1983 ஓகஸ்டில் நிறைவேற்றப்பட்ட ஆறாம் திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்ட வாசகம். அரசியலமைப்பைப் பாதுகாப்பேன், இலங்கை ஆள்புலத்துக்குள் தனி அரசு அமைவதை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதரிக்க மாட்டேன் என்பது அதன் சாரம். அதை எடுக்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அந்த ஆண்டே தமது ஆசனங்களை இழந்தார்கள். எனவே அந்தக் கடதாசியின் முன் ஒரு தமிழர் தயங்கினால், அவர் வாசகத்தைத்தான் மறுக்கிறார் என்று பார்ப்பவர்கள் உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் வாசகத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றும்படி கேட்கவில்லை. அதே வாசகத்தைச் சத்தியமாகச் சொல்லாமல் உறுதிமொழியாகச் சொல்லவே கேட்டேன். ஆனால், போர் முடிந்த 2009க்குப் பின்னரும் விசாரணைகளுக்கும் பதிவுகளுக்கும் பழகிப்போன ஒரு மண்ணில், சமயக் காரணத்தைச் சமயக் காரணமாகவே எடுத்துக்கொள்ளச் செய்வதற்கு மிகவும் போராட வேண்டியிருந்தது. வீட்டில் அம்மா இதைக் கேள்விப்பட்டதும், உறுப்பினர் பதவியே வேண்டாம், எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று அழுதார். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது, அவரை நான் குறைசொல்ல மாட்டேன்.

உத்தியோகத்தர் கடைசியில் ஒரு வழி சொன்னார். எமது திருச்சபையில் சத்தியம் செய்வதில்லை என்று போதகரிடம் கடிதம் வாங்கி, அதில் திருச்சபையின் பதிவிலக்கத்தையும் போட்டுக் கொண்டுவந்தால் யோசிக்கலாம் என்றார். வன்னியில் உள்ள சிறிய சுயாதீன திருச்சபைகள் பலவற்றுக்கு அப்படிப்பட்ட பதிவு எதுவும் கிடையாது. ஆனாலும் கடிதமாவது எடுக்கலாம் என்று, மாங்குளம் சந்தியில் பஸ் மாறிப் போதகர் வீட்டுக்குப் போனால், அவர் ஒரு மரண வீட்டுக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார். அந்தப் பயணம் முழுவதும் வீண். அதைவிட மனவருத்தம் தருவது, அந்தக் கடிதத்தைக் கேட்பதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்பது.

அதைச் சொல்லித் தந்தவர் வவுனியாவில் உள்ள ஒரு சட்டத்தரணி. சத்தியப் பிரமாண ஆணையாளராகவும் இருப்பவர். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சத்தியங்கள், உறுதிமொழிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தை எடுத்து 5ஆம் பிரிவைக் காட்டினார். பௌத்தர், இந்து, முஸ்லிம் ஆகியோரும், சத்தியம் கட்டுப்படுத்தாத வேறு சமயத்தைச் சேர்ந்தவர்களும் சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி செய்யலாம் என்று அப்பிரிவு சொல்கிறது. அதோடு நிற்காமல், சத்தியம் செய்வதற்கு மனச்சாட்சி ரீதியான ஆட்சேபம் உள்ள எவரும் அவ்வாறே செய்யலாம் என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது பகுதியில்தான் நான் இருந்தேன். மனச்சாட்சி என்னுடையது, அதற்குப் போதகரின் கடிதமோ பதிவிலக்கமோ தேவையில்லை. ஏழாம் அட்டவணையின் வாசகமே இரண்டு வழியையும் தருகிறது என்பதையும் அவர் காட்டினார்.

இந்தச் சட்டம் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்பதையும் அவர் சொன்னார். இங்கிலாந்தில் சத்தியம் செய்யாத குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஜோசப் பீஸ் 1833இல்தான் உறுதிமொழியுடன் பாராளுமன்றத்தில் அமர முடிந்தது. 1847இல் தெரிவான யூதரான லயனல் டி ரோத்ஸ்சைல்ட், கிறிஸ்தவ முறைச் சத்தியத்துக்கு உடன்படாததால் 1858 வரை ஆசனத்தில் அமர முடியவில்லை. கடவுள் நம்பிக்கையற்ற சார்ள்ஸ் பிராட்லா 1880இல் தெரிவாகி, ஆண்டுக்கணக்காக வெளியே நிறுத்தப்பட்டு, 1886இல்தான் உள்ளே போனார். 1888இல் எல்லோருக்கும் உறுதிமொழி உரிமையைத் தந்த சட்டம் வந்தது. எமது கட்டளைச் சட்டம் அதற்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. இங்கேயும் ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு அரச பதவிகள் கிடைக்கவில்லை. அதனால் பெயருக்கு ஞானஸ்நானம் பெற்று, வீட்டில் சிவனை வழிபட்ட எமது முன்னோர்கள் எத்தனையோ பேர். அதே காலத்தில் ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கர்கள் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தோடு காட்டுக்குள் போனதால்தான் மடு மாதா திருத்தலம் உண்டானது. அவர்கள் மீதான தடைகள் ஆங்கிலேயரால் 1806இல் நீக்கப்பட்டன. பதவிக்காகச் சமயத்தை மறைக்க வேண்டியிருந்த ஒரு நாட்டில், மறைக்காமல் பதவியேற்க வழி செய்யும் ஒரு பிரிவு இருந்தும், அதைப் படிவம் வாங்குபவரே அறியாதிருப்பது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

சட்டத்தரணி ஒரு கடிதமும் தயாரித்துத் தந்தார். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தரும் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்துக்கு 15ஆம் உறுப்புரையின் மட்டுப்பாடுகள்கூடப் பொருந்தாது. 83ஆம் உறுப்புரையின்படி, சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் அதை மாற்றவும் முடியாது. இவற்றோடு, சமயம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 12(2)ஆம் உறுப்புரையையும் குறிப்பிட்டு, புதிய படிவத்தைத் தரும்படி அதில் கேட்டிருந்தோம். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் திகதியும் போட்டுத் தாருங்கள் என்று நான் கேட்டதும் கந்தோரில் எல்லாம் வேகமாக நடந்தது. உள்ளே போய்த் தொலைபேசியில் கதைத்துவிட்டு வந்த உத்தியோகத்தர், ஒரு சொல்லும் சொல்லாமல் புதிய படிவத்தை நீட்டினார். மன்னிப்பை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஒரு விளக்கமாவது தந்திருக்கலாம். படிவத்தில் பொருந்தாததைச் சட்டத்தரணியின் முன்னிலையில் நானே வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, வாசகத்தை உரத்து வாசித்து ஒப்பமிட்டேன். அன்று எனக்கு உண்டான நிம்மதி தேர்தல் முடிவு வந்த இரவில்கூட இருக்கவில்லை.

எந்தத் தரப்புக்கும் பெரும்பான்மை இல்லாத சபை என்பதால், நான் பதவியேற்காவிட்டால் தவிசாளர் தெரிவில் ஒரு வாக்குப் போய்விடும் என்ற நெருக்குதலும் இதற்கிடையே இருந்தது. முதற்கூட்டத்தில் மங்கள விளக்கேற்றல் வந்தபோது நான் எழுந்து மரியாதையாக நின்றேன், விளக்கேற்றவில்லை. முன்கூட்டியே செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருந்தபடியால் யாரும் வற்புறுத்தவில்லை. கூட்டம் முடிந்த பின் ஒரு முஸ்லிம் உறுப்பினர் வந்து, தன்னிடமும் குர்ஆன் கொண்டுவரும்படி சொன்னதாகவும், தேவையில்லை என்பது தெரியாமல் கொண்டுபோனதாகவும் சொன்னார்.

இனித் தெரிவாகும் மற்றவர்களுக்குச் சில விடயங்கள். படிவத்தை யாருடைய கையில் கொடுப்பதற்கு முன்னரும், வெட்ட வேண்டியதை நீங்களே வெட்டிவிடுங்கள். வெற்றுப் படிவத்தின் பிரதியொன்று கையில் இருக்கட்டும். தெரிந்த சமாதான நீதவான் இருந்தாலும், தயக்கம் காட்டினால் வாதிட வேண்டாம், சத்தியப் பிரமாண ஆணையாளரான சட்டத்தரணியிடம் போங்கள். காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள். வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் தரும்படி கேளுங்கள், பெரும்பாலும் அதோடு மறுப்பு நின்றுவிடும். நிற்காவிட்டால் நாட்களைக் கவனியுங்கள்: அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் வவுனியாவிலேயே இருக்கிறது, கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. வாசகத்தில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை, முறையில்தான் ஆட்சேபம் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். எமது பகுதியில் அந்த வரி மிக அவசியம்.

அடுத்த முறை தெரிவாகும் உறுப்பினர்களுக்குப் படிவத்தோடு 5ஆம் பிரிவையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரேரணையை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அதை வழிமொழிய அந்த முஸ்லிம் உறுப்பினரும், எமது குழுவின் தலைமை வேட்பாளரும் முன்வந்திருக்கிறார்கள்.