கண்ணாடி முகப்பைக் கழுவும் தண்ணீர்

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அலுவலகக் கட்டடங்களைப் பராமரிப்பது என் தொழில். மத்திய கைலாசிலிருந்து சிறுசேரி வரை போகிறவர்கள் இரு பக்கமும் மங்கிக் கிடக்கும் கண்ணாடி முகப்புகளைப் பார்த்து, எல்லாம் தூசியால் வந்த வினை என்று நினைப்பார்கள். தூசிக்குக் குறைவில்லைதான், மெட்ரோ ரயில் பணி நடக்கும் இடங்களில் சிமெண்டுத் தூள் கண்ணாடியில் படிந்து, அதிகாலைப் பனியில் நனைந்து, வெயிலில் இறுகியும் போகிறது. ஆனால் பெரும்பாலான தூசி இரண்டு நல்ல மழைக்குத் தாங்காது. கண்ணாடியை வருடக்கணக்கில் மங்கவைப்பது அதைக் கழுவுவதற்கென்று நாமே மேலிருந்து ஊற்றும் தண்ணீர்தான் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒப்பந்தம் பேசும் மேசையில் மட்டும் அந்தப் பேச்சே எழுவதில்லை.

இந்தப் பகுதியின் நிலத்தடி நீர் உப்புக் கலந்தது. பல கட்டடங்கள் போர்வெல்லையும் லாரித் தண்ணீரையும் நம்பியே ஓடுகின்றன. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரக்குறிப்பு, கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. குடிப்பதற்கான கணக்கு அது. கண்ணாடிக்கு அந்தச் சலுகை கிடையாது. கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1500 காட்டும் தண்ணீர் ஒரு லிட்டர் கண்ணாடியிலேயே காய்ந்தால், ஏறத்தாழ ஒன்றரை கிராம் உப்பு அங்கேயே தங்கிவிடும். பத்தாவது மாடியைக் கழுவிய நீர் ஒன்பது, எட்டு, ஏழு என்று இறங்கி, சிலிகான் பூசிய இணைப்புகளிலும் அலுமினியச் சட்டத்தின் ஓரத்திலும் தேங்கி, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்து காய்கிறது. வேலை முடிந்த மறுநாள் காலையில் கீழ்மாடிகளில் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரிவதன் காரணம் இதுதான்.

இன்னும் மோசமான ஒரு வழக்கமும் உண்டு. கட்டடத்தில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கும், அது நல்ல நீரை ஒரு குழாயிலும், கழித்த நீரை இன்னொரு குழாயிலும் விடும். பாதிக்குப் பாதி நீரைக் கழிக்கும் இயந்திரமானால், கழிவு நீரில் உப்பு மூல நீரைப் போல இரண்டு மடங்கு இருக்கும். "வீணாகப் போகிற தண்ணீர்தானே, கண்ணாடி கழுவக் கொடுங்கள்" என்று சிக்கனம் கருதி அந்தக் குழாயைத் திருப்பிவிடும் நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். கழிப்பறைக்கு அது சரி. கண்ணாடிக்கு அதைவிடக் கேடான நீர் அந்தக் கட்டடத்திலேயே வேறு இருக்காது.

படிந்த உப்பு முதலில் சுண்ணாம்புப் படலமாகத்தான் இருக்கும். தண்ணீர் கலந்த வினிகரை நனைத்துச் சற்று ஊறவிட்டால் கரைந்துவிடும். பல மாதங்கள் விட்டுவிட்டால், நீரில் உள்ள சிலிக்காவும் சேர்ந்து இறுகி, துணிக்கும் சோப்புக்கும் அசையாத கறையாகிவிடுகிறது. அப்போது சீரியம் ஆக்சைடு பொடியைப் பசையாகக் குழைத்து, பஃபிங் இயந்திரத்தால் ஒவ்வொரு கண்ணாடியாக மெருகேற்ற வேண்டும். தரையில் நின்று செய்தாலே கை ஓய்ந்துபோகும் வேலை அது. கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவேதான் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர், "ஆசிட் போட்டா ஒரு மணி நேரத்துல பளிச்சுன்னு ஆயிடும் சார்" என்று ஆரம்பிப்பார்.

கறை போக்கவென்று முத்திரை இல்லாத கேன்களில் வரும் திரவங்களில் சிலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். வேறு சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதைத் தரும் உப்போ இருக்கும். முதலாவது கண்ணாடியைத் தொடாது, ஆனால் அலுமினியச் சட்டத்தின் மேற்பூச்சைத் தின்றுவிடும். இரண்டாவது கண்ணாடியையே அரிக்கும். கறையோடு சேர்த்து மேற்பரப்பையும் எடுத்துவிடுவதால்தான் அது அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கி, உடலிலுள்ள கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் அமிலம் அது. முதலுதவிக்குக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்படி ஒரு ஜெல் உண்டு என்பதே அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

அமிலத்தைப் பற்றிய என் பெரிய கவலை கயிறுதான். முகப்பில் இறங்குகிறவர்களின் கயிறு பெரும்பாலும் நைலானால் ஆனது. நைலான் அமிலத்தில் வலுவிழக்கும். பாலியஸ்டரானால் காரம் ஆகாது. மேலிருந்து சிந்திய அமிலம் கயிற்றின் உறைக்குள் ஊறி, வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லாமல் உள்ளிழைகளைக் கெடுத்துவிடக்கூடும். மலிவான தண்ணீரில் தொடங்கிய சிக்கனம் கறையாகி, கறை அமிலமாகி, கடைசியில் ஓர் ஆளின் உயிர் தொங்கும் கயிற்றில் போய் முடிகிறது. 1980-களின் இறுதியில் பிரிட்டனில் கயிற்றில் தொங்கி வேலை செய்வதற்கென்று உருவான இரட்டா அமைப்பின் முறைப்படி, ஒவ்வொருவருக்கும் இரண்டு கயிறுகள் வேண்டும்; ஒன்றில் வேலை, மற்றொன்று காப்பு, இரண்டும் தனித்தனி ஆங்கரில், அதாவது கயிற்றைக் கட்டும் உறுதியான பிடிமானத்தில். நம் ஊரிலோ, ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து, தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டிய ஒற்றைக் கயிற்றில் இறங்குகிற காட்சியை இன்றும் பார்க்கலாம். மொட்டைமாடியில் ஆங்கர் வைக்க வேண்டும் என்பது வரைபடம் போடும்போதே கட்டடக் கலைஞர் நினைத்திருக்க வேண்டிய விஷயம். இத்தனை பெரிய கண்ணாடிச் சுவரை, அதுவும் சென்னை வெயிலில் எழுப்பத் துணிந்தவர், அதை யார் எங்கே நின்று துடைப்பார்கள் என்று யோசிக்காமல் விட்டதை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

துடைக்கும் கருவியில் பெரிய மாற்றம் எதுவும் நேர்ந்துவிடவில்லை. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் வாழ்ந்த இத்தாலியரான எட்டோரே ஸ்டெக்கோனே 1936-இல் பித்தளைக் கைப்பிடியும் ஒற்றை ரப்பர் விளிம்புமாக வடிவமைத்த ஸ்க்வீஜியின் வாரிசுதான் இன்றும் எங்கள் ஆட்கள் இடுப்பில் தொங்குகிறது. கைதேர்ந்தவர் அதைப் பிடிக்கும் விதமே தனி. கண்ணாடியை நன்றாக நனைத்துத் தேய்த்தபின், மேல் ஓரத்தில் ஓர் அங்குல அகலத்துக்குத் துணியால் காய்ந்த கோடு ஒன்று போடுகிறார். ரப்பரை அந்தக் காய்ந்த இடத்தில் வைத்துத்தான் இழுக்கத் தொடங்க வேண்டும், ஈரத்தில் வைத்தால் விளிம்பு துள்ளிக் கோடு விழும். ஒவ்வோர் இழுப்பும் முந்தைய இழுப்பின் மேல் சற்றே ஏறிப் போகும். இழுப்புக்கு இழுப்பு ரப்பரைத் துடைத்துக்கொள்வார். ரப்பர் விளிம்பில் தலைமுடி அளவு கீறல் விழுந்தாலும் கண்ணாடியில் நெடுக ஒரு நீர்க்கோடு நிற்கும். உடனே ரப்பரைத் திருப்பிப் போடுவார். பிளேடு போட்ட ஸ்க்ரேப்பரை மட்டும் நான் எளிதில் அனுமதிப்பதில்லை. உறுதியேற்றிய கண்ணாடியில் தயாரிப்பின்போதே ஒட்டிய நுண்துகள்கள் இருந்தால், பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய் முகப்பு முழுக்கக் கீறலாக்கிவிடும். வெளிப்பக்கத்தில் பிரதிபலிப்புப் பூச்சு உள்ள கண்ணாடியில் சொல்லவே வேண்டாம், பூச்சே போய்விடும்.

நேரமும் தண்ணீரைச் சார்ந்ததுதான். வெயில் அடிக்கும் கண்ணாடியில் நீர் ரப்பர் வந்து சேரும் முன்பே காய்ந்துவிடும் என்பதால், கிழக்கு முகப்பைப் பிற்பகலிலும் மேற்கு முகப்பைக் காலையிலும் வைத்துக்கொள்கிறோம். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் மே, ஜூன் மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கு முகப்பிலும், மார்கழியில் தெற்கு முகப்பிலும் விழும். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் கயிறு ஆடும். உயரமான மாடிகளை அதற்குள் முடித்துவிட வேண்டும்.

அட்டவணை எதிலும் இல்லாத ஒரு விருந்தாளி மலைத்தேனீ. உயரமான கட்டடங்களின் சன்ஷேடுக்கு அடியிலும் முகப்பின் மடிப்புகளிலும் ஒற்றை அடையாகப் பெரிய கூடு கட்டும். மேலிருந்து சோப்பு நீர் வழிந்து கூட்டின் மேல் பட்டால் கூட்டம் கிளம்பிவிடும். கயிற்றில் தொங்குகிறவருக்கு ஓடவும் வழியில்லை. ஆகவே கயிறு போடுவதற்கு முந்தைய நாள் எதிர்க் கட்டடத்திலிருந்து இருநோக்கியால் முகப்பு முழுவதையும் பார்த்து, கூடு தென்பட்டால் அந்தப் பத்தியில் இறங்காமல் விட்டு, தேனீ பிடிக்கத் தெரிந்தவர்களை அழைக்கிறோம்.

தானே சுத்தமாகும் கண்ணாடியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பில்கிங்டன் நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த வகை அது. டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு வெயிலில் அழுக்கைச் சிதைக்கும், மழை அதைத் தாளாக வழிந்து கழுவும். வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. பிப்ரவரி முதல் மே வரை மழைக்கு எங்கே போவது? அதனால் அந்தக் கண்ணாடிக்கும் ஆள் இறங்கத்தான் வேண்டும்.

இந்த ஆண்டு ஒப்பந்தப் புள்ளி கோரும்போது சதுர அடி விலைக்கு மேலே சில நிபந்தனைகளை எழுதியிருக்கிறேன். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. நீரை நாங்களே மொட்டைமாடித் தொட்டியில் தருவோம். தினமும் வேலை தொடங்கும் முன் மேற்பார்வையாளர் டி.டி.எஸ். மீட்டரை நனைத்து அளவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர்ப்பட்டி இல்லாத எந்தத் திரவமும் கட்டடத்துக்குள் வரக்கூடாது. கயிறு இரண்டு, ஆங்கர் இரண்டு, மேலே ஓர் ஆள், கீழே தடுப்புக் கயிறு கட்டிய இடத்தில் ஓர் ஆள். வந்த விலைகள் கடந்த முறையைவிடக் கூடுதல். நிதிப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதிலோடு, கீழ்மாடிக் கண்ணாடிகளை மெருகேற்ற மூன்று இடங்களில் வாங்கிய மதிப்பீடுகளையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.