படத்தில் இல்லாத குழாய்

கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஆலைக்கு வரும் பிள்ளைகளை முதலில் லைன் ட்ரேஸிங்குக்குத்தான் அனுப்புவார்கள். பி அண்ட் ஐடி என்கிற குழாய்ப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயையும் கிளம்பும் இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை நடந்தே தொடர வேண்டும். வெயிலும் பைப் ரேக்கின் உயரமும் சேர்ந்து ஆளை வாட்டும். கணக்குப் போடவும் சிமுலேஷன் ஓட்டவும் வந்த நம்மை இப்படி அலையவிடுகிறார்களே என்று பலர் நொந்துகொள்வார்கள். பல வருடம் ப்ராசஸ் இன்ஜினியராக இருந்துவிட்டுச் சொல்கிறேன், எங்கள் தொழிலில் அதைவிட முக்கியமான பாடம் ஒன்றை நான் படித்ததில்லை.

என் வேலையின் பெரும்பகுதி காஸ்டிக் சோடா ஆலைகளில் கழிந்தது. உப்பைத் தண்ணீரில் கரைத்து, சுத்தம் செய்து, மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் ஹைட்ரஜனும் காஸ்டிக்கும். இரண்டு பக்கத்தையும் பிரித்து நிற்பது தாள் போன்ற ஒரு மெம்ப்ரேன். படிக்கும்போது எளிதாகத் தெரியும் இந்த வேலையில், கால் வைக்கும் இடமெல்லாம் கவனம் வேண்டும். ஈரமான குளோரினுக்கு டைட்டானியம் குழாய் போடுகிறோம், சாதாரண இரும்பை அது அரித்துவிடும். அதே குளோரினைக் கந்தக அமிலத்தில் உலர்த்திய பிறகு இரும்புதான் போட வேண்டும். உலர்ந்த குளோரின் பட்டால் டைட்டானியம் தீப்பிடித்து எரியும். குழாய் மாற்றுகிறவருக்கு இது தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெம்ப்ரேனுக்குப் பெரிய எதிரி கால்சியமும் மெக்னீசியமும். செல்லுக்கு, அதாவது மின்சாரம் பாய்ச்சும் கலத்துக்கு, போகும் உப்புக் கரைசலில் இரண்டும் சேர்ந்து லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் லாரியில் வந்து இறங்கும் உப்பை அந்தச் சுத்தத்துக்குக் கொண்டுவருவதுதான் ஆலையின் பாதிப் போராட்டம். முதலில் வீழ்படிவு, அப்புறம் வடிகட்டல், கடைசியாக ரெசின் காலம் (column), அதாவது மிச்சமிருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் நிரப்பிய கோபுரம்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் செல்களின் செயல்திறன் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. மின்சாரத்தை வைத்தே உற்பத்தியைக் கணக்கிடலாம். ஒரு செல்லில் 1,000 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.49 கிலோ காஸ்டிக் வர வேண்டும். நல்ல மெம்ப்ரேன் அதில் 95 சதவீதத்துக்கு மேல் தரும். எங்களுக்கு அது குறைந்தது, வோல்டேஜும் ஏறியது. மெக்னீசியம் வோல்டேஜை ஏற்றும், கால்சியம் திறனை இறக்கும். இரண்டும் ஒன்றாக நடந்தால் கரைசலில் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும், கசிகிறது என்று அர்த்தம். ஆனால் லேப் ரிப்போர்ட்டோ ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சுத்தமாக வந்தது. மெம்ப்ரேனுக்கு வயதாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. அது கோடிக்கணக்கில் செலவு வைக்கும் வேலை.

விடை கிடைத்தது பிரைன் என்கிற உப்புக் கரைசல் பகுதியில் வேலை பார்த்த ஒரு மூத்த ஆபரேட்டரிடம். ஆலை கட்டிய நாளிலிருந்து அங்கேயே இருப்பவர். ஒருநாள் ரெசின் காலம் பக்கம் என்னைக் கூப்பிட்டு, "சார், இந்த லைனைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றார். கையுறையோடு தொட்டேன். சூடாக இருந்தது. "வால்வு மூடித்தானே இருக்கு? அப்ப இதுக்கு அங்கிட்டு சூடு எதுக்கு சார் இருக்கணும்?"

கரைசல் 60 டிகிரியில் ஓடுகிறது. ஓட்டம் இல்லாத குழாய் ஆறிப்போயிருக்க வேண்டும். "அண்ணே, இது எங்கே போகுது?" என்று கேட்டு, இருவருமாகத் தொடர்ந்து நடந்தோம். ரெசின் காலத்தைத் தொடாமல் நேராகச் செல் ஊட்டக் குழாயில் போய்ச் சேர்ந்தது. ஆலையை முதன்முதலில் ஓட்டத் தொடங்கியபோது, குழாய்களைக் கழுவுவதற்காகத் தற்காலிகமாகப் போட்ட பைபாஸ் அது. வேலை முடிந்த பிறகு யாரும் கழற்றவில்லை. எங்கள் பி அண்ட் ஐடியில் அது இல்லவே இல்லை. வால்வு தேய்ந்து, மூடியிருந்தும் கரைசலை உள்ளே விடத் தொடங்கியிருந்தது. லேபுக்கு மாதிரி எடுக்கும் இடமோ, இந்தக் குழாய் வந்து சேரும் இடத்துக்கு முன்னால் இருந்தது. லேபில் இருந்தவர்கள் தங்களுக்கு வந்த மாதிரியைச் சரியாகத்தான் சோதித்திருக்கிறார்கள்.

தற்காலிகம் என்று போடுகிற குழாயைப் பற்றிப் பேசினால் எனக்கு ஃபிளிக்ஸ்பரோ ஞாபகம் வராமல் இருக்காது. இங்கிலாந்தில் லிங்கன்ஷயரில் இருந்த அந்த ஆலையில் சைக்ளோஹெக்சேன் ரியாக்டர்கள் ஆறு வரிசையாக நின்றன. 1974 மார்ச் கடைசியில் ஐந்தாவது ரியாக்டரில் விரிசல் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு, நான்கையும் ஆறையும் இணைக்க 20 அங்குலக் குழாயை வளைத்துப் போட்டார்கள். அதற்கு இருந்த படம், பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தது. குழாயின் இரு முனையிலும் பெல்லோஸ் என்கிற நெளியும் இணைப்பு இருந்தும், அழுத்தம் ஏறும்போது வளைந்த குழாய்க்கு என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய இன்ஜினியரின் பதவி அப்போது காலியாக இருந்தது. ஜூன் 1 அன்று குழாய் பிடுங்கிக்கொண்டது. வெளியேறிய ஆவி வெடித்து 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள். சனிக்கிழமையாக இல்லாமல் வேலை நாளாக இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேரோ.

எங்கள் குழாயால் யாருக்கும் ஆபத்து வரவில்லை, பணம்தான் போனது. ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருந்த பழக்கம் ஒன்றுதான். உற்பத்தி நிற்கக் கூடாது, இப்போதைக்கு இதைப் போட்டு ஓட்டுவோம், படத்தை அப்புறம் திருத்திக்கொள்ளலாம். அந்த அப்புறம் வருவதே இல்லை. இன்று மாற்றங்களுக்கென்று தனிப் படிவமும் கையெழுத்தும் எல்லா நல்ல ஆலைகளிலும் உண்டு. நைட் ஷிஃப்டில் ஒரு பம்ப் நின்று, டேங்க் நிரம்பிக்கொண்டிருக்கும்போது அந்தப் படிவத்தைக் கேட்பதற்குத் தைரியம் வேண்டும். கேட்கிற ஜூனியரைத் திட்டாத மேனேஜரும் வேண்டும்.

அடுத்த ஷட்டவுனில் அந்த பைபாஸை வெட்டியெடுத்து, இரு முனையிலும் பிளைண்டு என்கிற அடைப்புத் தகடு போட்டோம். மாதிரி எடுக்கும் இடத்தைச் செல்லுக்குப் பக்கத்தில் மாற்றினோம். மெம்ப்ரேன்களில் சில தப்பின, ரொம்பக் கெட்டுப்போனதை மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம் ட்ரெய்னிகளை வைத்து ஆலை முழுவதையும் மறுபடி ட்ரேஸ் செய்தோம். படத்தில் இல்லாத குழாய்கள் இன்னும் சில கிடைத்தன, படத்தில் இருந்து தரையில் இல்லாத ஒரு வடிகால் வால்வும். ஒவ்வொன்றுக்கும் யார், எதற்காகப் போட்டது என்று அந்த ஆபரேட்டர் அண்ணன்தான் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் ஓய்வு பெறுவதற்குள் அவருக்குத் தெரிந்ததையெல்லாம் படத்தில் ஏற்றிவிட வேண்டும் என்று இரண்டு ட்ரெய்னிகளை அவர்கூடவே விட்டோம்.