துப்புரவுப் பொருள் கம்பெனி ஒன்றின் வரலாற்றை எழுதிய அனுபவம்

மாப், பினாயில், டாய்லெட் பேப்பர், குப்பைப் பை எல்லாவற்றையும் தயாரிப்பாளர்களிடம் மொத்தமாக வாங்கி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அலுவலகம் என்று கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு குடும்பக் கம்பெனி. ஆண்டு விழா மலருக்குத் தங்கள் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். கையில் தந்தது நிறுவனரின் போட்டோவும் ஒரு பழைய மேடைப் பேச்சும்தான். 'நேர்மை', 'உழைப்பு' இரண்டையும் எடுத்துவிட்டால் அந்தப் பேச்சில் ஒன்றும் மிஞ்சாது.

இதே மாதிரி வேலையில் இறங்குகிறவர்கள் முதலாளியிடம் முதலில் போக வேண்டாம் என்பேன். கிடங்கில் வெகுகாலம் இருந்தவரையும் கணக்கு எழுதியவரையும் முதலில் பாருங்கள். முதலாளி வீட்டுக் கதைகள் சொல்லிச் சொல்லியே கூழாங்கல் மாதிரி வழவழப்பாகியிருக்கும். கிடங்குக்காரருக்கு வருஷம் நினைவிருக்காது. ஆனால் "கண்ணாடி பாட்டில் போய் பிளாஸ்டிக் கேன் வந்தப்போ", "பழைய வண்டியை வித்த சமயம்" என்று எது முன்னால், எது பின்னால் என்பதைத் தடுமாறாமல் சொல்வார். வரிசை கிடைத்துவிட்டால் போதும், வருஷத்தைக் காகிதத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை. பில் புத்தகங்கள், டெலிவரி சலான்கள், ஸ்டாக் ரிஜிஸ்டர், விலைப்பட்டியல்கள் எல்லாம் இருந்தன. எனக்கு அதிகம் உதவியவை விலைப்பட்டியல்கள். சிக்கல் என்னவென்றால், பலவற்றில் தேதியே இல்லை. தேதி போட்டால் சீக்கிரம் பழசாகிவிடும் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்! அதனால் சரக்கை வைத்தே காலத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. கடைப்பொருள்களில் இன்று பார்க்கும் பார்கோடு முதன்முதலில் கல்லாவில் ஸ்கேன் ஆனது 1974இல். அது அச்சான பட்டியல் அதைவிடப் பழசாக இருக்க வழியில்லை. சிவப்பு விளிம்பு போட்ட சாய்சதுர எச்சரிக்கைக் குறி தெரிந்தால், ரசாயனங்களை வகைப்படுத்த ஐ.நா. கொண்டுவந்த பொது முறைக்குப் பிந்தையது, அதாவது 2003க்குப் பிறகு. ரசாயனத்தோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் 16 பகுதிகள் இருப்பதையும் சிலர் அடையாளமாகச் சொல்வார்கள். அந்த அமைப்பு அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததால் அதைத் தனியாக நம்பவில்லை.

பட்டியல்களை வரிசைப்படுத்திய பிறகு, யாருமே என்னிடம் சொல்லாத கதை ஒன்று தெரிந்தது. இந்தக் கம்பெனி பெரும்பாலும் தண்ணீரையும் காற்றையும்தான் சுமந்திருக்கிறது. அப்படியே ஊற்றித் துடைக்கிற தரைத் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர். கேன்களை ஏற்றினால் வண்டி பாதிகூட நிரம்பாது, அதற்குள் எடை வரம்பு வந்துவிடும். டாய்லெட் பேப்பர் நேர்மாறு, வண்டி நிரம்பி வழிந்தாலும் எடை இருக்காது. லாபம் குறைவாக இருந்தும் நிறுவனர் ஏன் பேப்பரை விடாமல் வாங்கினார் என்பது சலான்களைப் பார்த்ததும் விளங்கியது. கேன்களுக்கு மேலே காலியாகப் போகிற இடத்தை அவர் பேப்பரால் நிரப்பியிருக்கிறார். அவருடைய வியாபார மூளையைக் காட்ட மேடைப் பேச்சு முழுவதையும்விட அந்தச் சலான்களே போதும்.

அப்புறம் அடர்திரவங்கள் வந்தன. தண்ணீர் வாடிக்கையாளரின் குழாயிலேயே இருக்கும்போது அதை ஏன் வண்டியில் ஏற்ற வேண்டும்? சரக்கு சுருங்கியது, கூடவே புது வேலையும் முளைத்தது. கலவை அளவு தவறினால் ஒன்று அழுக்கு போகாது, இல்லையென்றால் தரை பிசுபிசுக்கும். அளந்து கலக்கும் கருவியைச் சுவரில் பொருத்தவும் பழக்கிக் கொடுக்கவும் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அதுவரை வெறும் சரக்குப் பெயர்களாக இருந்த பில்களில் 'பொருத்துக் கூலி' என்ற வரி தலைகாட்டுகிறது. கம்பெனி திசை மாறிய இடம் அதுதான். மலரில் அதற்கே அதிகப் பக்கம் கேட்டு வாங்கினேன்.

பிளீச் திரவத்தை மட்டும் ஏன் சிறுசிறு அளவில் அடிக்கடி வாங்கினார்கள் என்று கணக்கரிடம் கேட்டேன். வெயிலும் வெளிச்சமும் பட்டால் அதன் வீரியம் இறங்கிவிடும், தேக்கி வைத்தால் நஷ்டம் என்றார். ஆசிட்டை கிடங்கின் மறுகோடியில் வைத்ததற்கும் காரணம் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

உலகத் துப்புரவு வரலாறு என்று ஒரு பக்கம் வேண்டும், அறுவை மருத்துவர் லிஸ்டரிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். அவர் 1860களில் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைச் சுத்தம் செய்தது பெரிய விஷயம்தான், ஆனால் இந்தக் கம்பெனிக்கு ஒட்டவில்லை. ஸ்பாங்லரை மட்டும் வைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர். தூசி ஆஸ்துமாவைக் கிளப்பியதால், கையில் எடுத்துப் போகக்கூடிய மின்சார வாக்குவம் கிளீனரை அவரே செய்து 1908இல் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு ஹூவர் குடும்பம் அதை வாங்கிப் பெரிதாக்கியது. துடைத்தவரே கருவி கண்டுபிடித்த கதை கிடங்கு ஆட்களுக்குப் பிடித்திருந்தது.

கம்பெனி எப்போது பிறந்தது என்பதில் வீட்டுக்குள்ளேயே சண்டை. பதிவுச் சான்றிதழில் ஒரு வருஷம், பெரியவர்கள் வாயில் வேறொரு வருஷம். கிடைத்ததில் மிகப் பழைய பில்லின் தேதியைப் போட்டு முடித்தோம். இடையில் விலகிப்போன பங்குதாரரை விட்டுவிடலாமே என்றும் ஒரு பேச்சு வந்தது. ஆரம்பகாலப் பில்கள் பாதி அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன என்று காட்டினேன். இரண்டு வாக்கியம் கிடைத்தது, பெயரோடு.

2020 பற்றிய பகுதிக்குத்தான் இழுபறி அதிகம். ஊரடங்கில் ஓடி ஓடி சப்ளை செய்ததை எழுதச் சொன்னார்கள், அது உண்மையும்கூட. பில்களில் அலுவலக ஆர்டர்கள் அடியோடு விழுந்ததும் ஆஸ்பத்திரி ஆர்டர்கள் ஏறியதும் தெரிந்தது. சானிடைசர் வந்ததும் கிடங்கே மாறியது. உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவைகளில் ஒன்றில் எத்தனால் மட்டுமே 80 சதவீதம். அதுவரை தண்ணீர்ச் சரக்கைப் பார்த்துப் பழகிய இடத்தில் தீப்பிடிக்கும் சரக்குக்குத் தனி அறை ஒதுக்க வேண்டியிருந்தது. அதன்பின் கேட்பாரில்லாமல் நின்று காலாவதியான பெட்டிகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். முதலாளி அதை அடித்தார். கணக்கர் தன் ரிஜிஸ்டரைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும், எத்தனை பெட்டின்னு மட்டும் போடாதீங்க" என்றார். போடவில்லை.